பிரதர் யாராவது இருக்காங்களா?

என் மகள் ஆஸ்பத்திரியில் செத்துக்கொண்டிருந்தபோது, "சிஸ்டர், மூஞ்சிய இப்படி வச்சிக்கினு இருக்காதீங்க, சந்தோஷமா ஸ்தோத்திரம் பண்ணுங்க" என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். அவளை நான் அடிக்கவில்லை. அன்றைக்கு ஆண்டவர் செய்த முதல் அற்புதம் அதுதான்.

விசுவாசிகளே, சாட்சி என்றால் மெதுவான குரலில், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எனக்கு அப்படி வராது. கோபம் இன்னும் ஆறவில்லை. கோபத்தோடுதான் சொல்லப்போகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜாய். திண்டிவனம் மேம்பாலத்துக்கு அடியில் இட்லிக் கடை போட்டிருக்கிறேன். அம்மா அப்பா வைத்த பெயர் அங்கம்மா. ஞானஸ்நானம் எடுத்த அன்று பாஸ்டர் ஐயா ஜாய் என்று வைத்தார். சந்தோஷம் என்று அர்த்தமாம். அன்றைக்கு நான் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன். குடித்துவிட்டு ரோட்டில் உருண்டு கிடந்த என் வீட்டுக்காரரை இந்தச் சபைதான் மனுஷனாக்கியது. இப்போது லாரி ஓட்டுகிறார், ஒரு சொட்டு தொடுவதில்லை. அதை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனால் பெயர் வைத்த நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் ஒரு தொல்லை. "ஜாய் சிஸ்டர், பேர்ல இருக்கிற ஜாய் மூஞ்சில காணமே!" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். விடிவதற்கு முன்னே எழுந்து அடுப்பில் வேகிறவளுக்கு மூஞ்சி வேறு எப்படி இருக்கும்?

எனக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு அண்ணன். பெயர் ஏழுமலை. எங்கள் தாய்வீடு திருவக்கரைப் பக்கம். அங்கே பூமிக்குள் மரமெல்லாம் கல்லாகிக் கிடக்கும். அண்ணனும் அந்த ஜாதிதான், ஒருமுறை இறுகினால் இறுகினதுதான். நான் ஞானஸ்நானம் எடுத்த வருஷம் அப்பாவுக்குத் திதி வந்தது. இலையில் படையல் சோறு போட்டார்கள். படைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்று இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன். அண்ணன் சத்தமே போடவில்லை.

"எங்க வூட்டு சோறு எறங்காதவளுக்கு அண்ணன் எதுக்கு? போ. ஒனக்குத்தான் ஊரெல்லாம் பிரதர் இருக்கானுங்களே" என்றான்.

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. என் மகள் செல்வியின் கல்யாணத்துக்குப் பத்திரிகையை அவன் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன். வரவில்லை. தாய்மாமன் இல்லாமல் என் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. சபை நிறைய பிரதர்கள் இருந்தார்கள், பந்தியில் பரிமாறினார்கள், பாடினார்கள். மாமன் நிற்க வேண்டிய இடத்தை நான் பார்க்காமலே இருந்தேன். பார்த்திருந்தால் அன்றைக்கே அழுதிருப்பேன்.

போன வருஷம் ஆடி மாதம் செல்விக்குத் திண்டிவனத்தில் பிரசவம் ஆனது. ஆண் குழந்தை. குழந்தை நன்றாக இருந்தது. அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. குழந்தையைச் சம்பந்தியம்மாவிடம் கொடுத்துவிட்டு, நானும் மருமகனும் அவளை ஆம்புலன்ஸில் விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். வழியெல்லாம் "அம்மா, குளுருதும்மா" என்றாள். ஆடி வெயிலில் வண்டிக்குள் எங்களுக்கு வேர்த்து ஊற்றியது. அவளுக்குக் குளிர்ந்தது.

ஆபரேஷன் பண்ணினால்தான் பிழைப்பாள் என்று டாக்டரம்மா சொன்னார்கள். அவளுடையது ஓ நெகட்டிவ், எளிதில் கிடைக்காத ரத்தம். கையில் இருந்ததை ஏற்றிவிட்டார்கள். அது போதவில்லை. பாண்டிச்சேரியிலிருந்து வரவழைக்கிறோம், வருவதற்குள் இங்கே யாராவது கொடுத்தால் உடனே உள்ளே கொண்டுபோவோம் என்றார்கள். மருமகன் ரத்தம் பொருந்தவில்லை. என் வீட்டுக்காரர் லாரியோடு ஆந்திராவில் இருந்தார். என் விரலைக் குத்திப் பார்த்த நர்ஸம்மா உதட்டைப் பிதுக்கினார்கள்.

"ஒங்களுக்கும் அதே குரூப்தாம்மா. ஆனா ஒங்க ஒடம்புலயே ரத்தம் இல்ல, எடுக்க முடியாது. பிரதர் யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க மேடம், நெறைய பேர் இருக்காங்க" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பாஸ்டர் ஐயாவுக்குப் போன் போட்டேன்.

வேன் பிடித்து வந்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். வந்ததும் வராந்தாவிலேயே கையை உயர்த்தி ஜெபம் ஆரம்பித்துவிட்டார்கள். "இயேசுவின் ரத்தம் ஜெயம்! ரத்தம் ஜெயம்!" நானும் எத்தனையோ வீடுகளில் போய் இதே வார்த்தையைச் சொன்னவள்தான். அன்றைக்கு அது காதில் விழ விழ எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளே என் பிள்ளைக்கு ரத்தம் இல்லை. வெளியே ரத்தம், ரத்தம் என்று கத்திக்கொண்டு நிற்கிறார்கள். அப்போதுதான் அந்த சிஸ்டர் என்னைச் சந்தோஷமாக ஸ்தோத்திரம் பண்ணச் சொன்னாள்.

"ஜெயம் சொன்னது போதும்! போயி கைய நீட்டுங்க!" என்று கத்தினேன்.

ஜெபம் அப்படியே நின்றது. ஒரு பிரதருக்கு சுகராம். ஒருவருக்கு இப்போதுதான் காய்ச்சல் விட்டதாம். ஒருவர் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனார், இன்றைக்கு வரைக்கும் நிறுத்திக்கொண்டுதான் இருக்கிறார். மற்றவர்கள் நீட்டினார்கள், பாவம், பொய் சொல்லக் கூடாது. ஒருவருக்கும் அந்த குரூப் இல்லை.

நர்ஸம்மா வெளியே வந்து எல்லோரையும் பார்த்தார்கள். "இவங்கள்லாம் யாரும்மா?"

"எங்க பிரதர்ஸ் மேடம்."

"அய்யோ! ஒங்கம்மா வயித்துல பொறந்தவங்கள கேட்டேம்மா! அவங்களுக்குத்தான் அதே ரத்தம் இருக்க வாய்ப்பு அதிகம். கூடப்பொறந்தவங்க ஒருத்தருமா இல்ல?"

 பிரதர் என்றால் அண்ணன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்தான். பின்னால் கோயில் பம்பை மேளச் சத்தம் கேட்டது.

"அண்ணா, அங்கம்மா பேசறேன். செல்விக்கு ரத்தம் வேணும்ணா. நம்ம ரத்தம்தான் சேருமாம்."

பம்பைச் சத்தம் தள்ளிப்போனது, ஓரமாக நடந்தான் போல. பிறகு, "காப்பு கட்டியிருக்கேன். எல்லை தாண்டக் கூடாது" என்றான். போன் கட்டாகிவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் திரௌபதி அம்மனுக்கு ஆடியில் தீமிதி. நெருப்பில் இறங்குகிறவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டிக்கொள்வார்கள். கட்டிவிட்டால் அவிழ்க்கிற வரைக்கும் ஒரு பொழுதுதான் சோறு. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பிள்ளை பெற்ற வீடு, சாவு வீடு, எங்கேயும் போகக் கூடாது. தீட்டு. எங்கள் அப்பா இறங்கிய நெருப்பில் அவருக்குப் பிறகு அண்ணன் வருஷம் தவறாமல் இறங்குகிறவன். அவனிடம் போய்ப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு வா என்று கேட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் துணி துவைக்கிற கல் ஒன்று இருந்தது. அங்கே போனேன். சபையில் ஆண்டவரை 'நீர்' என்று மரியாதையாகக் கூப்பிடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு 'நீ' என்றுதான் வந்தது.

"யேசப்பா, காது கேக்குதா இல்லியா ஒனக்கு? ஒனக்காகத்தான எங்கண்ணன வுட்டேன்? இப்ப அவன் எல்லை தாண்ட மாட்டேன்றான். கடலையே பொளந்தவன் நீ, ஒரு ஊரு எல்லைய பொளக்க மாட்டியா? எம்மவ செத்தா நான் ஒங்கிட்ட பேச மாட்டேன். சத்தியமா பேச மாட்டேன். எங்கண்ணங்கிட்ட இத்தினி வருசமா பேசாம இருந்தேன் பாரு, அப்படி இருப்பேன். பாத்துக்கோ."

இதுதான் நான் பண்ணின ஜெபம். ஆமென்கூடச் சொல்லவில்லை. கல்லில் கையால் ஓங்கி அடித்ததில் வளையல் உடைந்து கை கிழிந்தது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தேன். யாரும் என் பக்கத்தில் வரவில்லை.

நேரம் போனது. கேட்டில் ஏதோ சண்டைச் சத்தம். காவலுக்கு நின்றவரை ஒருவன் தள்ளிக்கொண்டு வருகிறான். மஞ்சள் வேட்டி, வெறும் உடம்பில் துண்டு, நெற்றி நிறைய திருநீறு. மணிக்கட்டில் காப்பு. மொபெட்டில் வந்த புழுதி தலையெல்லாம். எங்கள் பிரதர்கள் விலகி வழி விட்டார்கள்.

"எங்க அவ? செல்வி எங்க?" என்றான்.

நான் அவன் காப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாத்த பாக்கற? ஆத்தாகிட்ட நல்லா சண்ட போட்டுட்டுத்தான் வந்தேன். தங்கச்சி பொண்ண வுட்டுட்டு ஒன் நெருப்புல எறங்கி இன்னாத்துக்குன்னு கேட்டேன். பதில் சொல்லல. வந்துட்டேன்."

அவனும் சண்டை போட்டிருக்கிறான். ரத்தத்தைப் பார்த்தார்கள், அதே குரூப். அதைப் பார்க்க ஊசி எதற்கு, எங்கள் இரண்டு பேர் வாயைக் கேட்டாலே போதுமே.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க மாட்டேன், ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று நர்ஸம்மா சொன்னார்கள். அண்ணன் காப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் ஓடிப்போய் பன்னும் டீயும் வாங்கி வந்தேன். பழக்கதோஷம், வரும் வழியிலேயே கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டேன். அதை அவன் பார்த்துவிட்டான்.

"இன்னா, ஒங்க சாமிக்கு படைச்சிட்டியா?"

"ஜெபம் பண்ணேண்ணா. வேற வாங்கியாரட்டா?"

"குடுடி இங்க."

பன்னை டீயில் தோய்த்து, ஒரு துணுக்கு விடாமல் தின்றான். அப்பா திதியில் இலையை மடித்த என் கை மடியில் கிடந்தது. அன்றைக்கு வந்த அழுகை எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. படையலை நான் இன்றைக்கும் சாப்பிட மாட்டேன், அது வேறு விஷயம். ஆனால் அவன் சாப்பிட்டான்.

அவன் ரத்தம் உள்ளே போனது. ஆபரேஷன் நடந்தது. பாண்டிச்சேரியிலிருந்து மீதி ரத்தமும் வந்து சேர்ந்தது. மறுநாள் செல்வி கண்ணைத் திறந்து, "புள்ளைக்கு பால் குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டாள். ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம். கோபக்காரி சொல்கிறேன், கோடி ஸ்தோத்திரம்.

ஊரில் அண்ணனின் காப்பை அவிழ்த்துவிட்டார்கள். தீட்டுப்பட்டவன் நெருப்பில் இறங்கக் கூடாது என்று தள்ளி நிறுத்திவிட்டார்கள். அப்பா இறங்கிய நெருப்பை அவன் கும்பலில் நின்று வேடிக்கை பார்த்தான். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. அண்ணி சொன்னார்கள்.

குழந்தையைச் சபையில் அர்ப்பணிக்க நாள் குறித்தோம். அன்றைக்கு நான் சாட்சி சொல்ல வேண்டும். முன்னாடியே பாஸ்டர் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், காப்பு, தீமிதி இதெல்லாம் சொல்ல வேணாங்க. ஜனங்க இடறிடுவாங்க. ஒரு சகோதரர் மூலமா கர்த்தர் உதவி செஞ்சார்னு சொல்லுங்க, போதும்."

ஒரு சகோதரர்! கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறியது. அவர் நல்லவர்தான், வேன் பிடித்து வந்தவர்தான். ஆனால் என் அண்ணன் கையிலிருந்து அந்தக் கயிற்றை ஊர்க்காரர்கள் ஒருமுறை அவிழ்த்தார்கள். சாட்சியில் நான் இன்னொரு முறை அவிழ்க்க வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மைக்கைப் பிடித்து, மஞ்சள் வேட்டி, பம்பை, காப்பு, பன், டீ, நான் ஆண்டவரை 'நீ' என்று மிரட்டியது, ஒன்று விடாமல் சொன்னேன். ஒரு அல்லேலூயாவும் வரவில்லை. 

அப்போது வாசலில் மொபெட் வந்து நின்றது. அண்ணன். பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறான். ஒரு மூட்டை மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், இறக்கி வைத்துவிட்டு வெளியிலேயே நின்றான். சபையே திரும்பிப் பார்த்தது. பாஸ்டர் ஐயா என்னைப் பார்த்தார், பிறகு தானே இறங்கிப்போய் அவனைக் கும்பிட்டார்.

"பிரதர், உள்ள வாங்க பிரதர்."

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "ஐயரே, நான் இவளுக்குத்தாங்க பிரதர். ஒங்களுக்கு இல்ல. புள்ளைய கொஞ்சம் வெளிய குடுங்க, பாத்துட்டு போறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையில் மைக் இருப்பதையும் மறந்து வயிறு குலுங்கச் சிரித்தேன். சபை முழுக்க என் சிரிப்பு கேட்டது. முன்வரிசையில் அந்த ஸ்தோத்திர சிஸ்டர் வாயில் கையை வைத்துக்கொண்டு, "கர்த்தாவே, ஜாய் சிஸ்டர் சிரிக்கிறாங்க!" என்றாள்.

ஆமாம், சிரித்தேன். இன்றைக்கும் நான் சிடுமூஞ்சிதான், ஆனால் சந்தோஷமாக இருக்கிறேன். அண்ணன் வாரம் ஒருமுறை கடைக்கு வருகிறான். சட்னியைக் குறை சொல்கிறான், நான் திட்டுகிறேன், சாப்பிட்டுவிட்டுப் போகிறான். அவன் யாரிடம் சண்டை போட்டு வந்தான் என்பது அவன் பாடு. நான் யாரிடம் கேட்டேன் என்பது எனக்குத் தெரியும். கேட்டது கிடைத்தது.

உங்களுக்கும் கஷ்டம் வரும். அப்போது ஆண்டவரிடம் கேளுங்கள். அழுகை வந்தால் அழுது கேளுங்கள், கோபம் வந்தால் கத்திக் கேளுங்கள், அவர் தாங்குவார். நம்புங்கள், உதவி வரும். வரும்போது மட்டும் அந்தக் கையில் என்ன கட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். காப்பைப் பார்த்து எங்கள் பிரதர்கள் விலகி வழி விட்டார்களே, அதற்குப் பதில் அன்றைக்கு வழியை மறித்திருந்தால், என் செல்வி இன்றைக்கு இல்லை.