பெயர் கூப்பிடும் உத்தியோகம்

காலேஜ் லெக்சரர் என்றால் பாடம் நடத்துகிறவன் என்று ஊரார் நினைக்கிறார்கள். நிஜத்தில் அவன் பெயர் கூப்பிட்டே தொண்டை வறண்டவன். ஐம்பதுகளில் போடியில் ஒரு சின்னக் காலேஜில் இந்தச் சோலியைப் பார்த்தேன். முக்கால்வாசி நாளாவது வராதவனைப் பரீட்சைக்கு விடக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு மாரடித்த வாத்தியார்மார்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மலையேறிட்டான்

ஏலக்காய்ப் பறிப்பு தொடங்கினால் என் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. தோட்டத்துப் பிள்ளைகள் குரங்கணி வழியாக மேலே போய்விடுவார்கள். எங்கே என்றால் "மலையேறிட்டான் சார்" என்று பதில் வரும். பிரின்ஸிபால் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். அவர் ஊரில் விளக்கு அணைந்தால்தான் அப்படிச் சொல்வார்கள்.

ஒரு நாள் வகுப்பைப் பார்வையிட வந்தவர், மொக்கராசு மலையேறிட்டான் என்று காதில் விழுந்ததும் முகம் வாடி, எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். பயல்களும் எதற்கென்று தெரியாமல் தலைகுனிந்து நின்றார்கள். அறைக்குப் போனதும் மெதுவாக விளக்கினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உயிரோட இருக்கானா? அப்போ ஏன் வரலை?"

பனி

மொக்கராசு கெட்டிக்காரன். இன்டர்மீடியட் முடித்து வாத்தியார் வேலைக்குப் போய்விட்டால், தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து அப்பா அம்மாவைக் கீழே கூட்டிவந்துவிடலாம் என்று ஆசைப்பட்டான். அதற்குள் அப்பா படுத்துவிட்டார். மகனுக்கு லீவு கேட்டு அவன் அம்மா மலையிறங்கிப் பிரின்ஸிபாலிடம் வந்தாள். "அவுக அப்பனுக்குப் பனி, சாரே" என்றிருக்கிறாள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். மேலே மலையாளச் சீமையில் இருக்கும் நம் ஆட்களுக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொள்ளும்.

அன்று பார்த்து நான் மதுரையில் இருந்தேன். மறுநாள் வந்து எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், லீவு கிடையாதென்று போட்ட உத்தரவு போட்டதுதான் என்று பிரின்ஸிபால் சாதித்துவிட்டார். ஜன்னல் வழியே மலையைப் பார்த்துவிட்டு அவளிடம் அவர் சொன்னது இதுதானாம்: "பனிதானேம்மா, வெயில் வந்தா போயிடும்."

யார் பேருக்கு யார் குரல்

கொஞ்ச நாள் கழித்து "மொக்கராசு" என்று கூப்பிட்டால் "பிரசன்ட் சார்" என்று பதில் வருகிறது. நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். அவனோடு ஒரே லயத்தில் வளர்ந்த சீனிச்சாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு வந்ததே கோபம். வெட்கமா இல்லையாடா என்று கத்தினேன்.

அவன் எழுந்து நின்று நிதானமாகச் சொன்னான். தோட்டத்திலும் விடிந்ததும் பெயர் கூப்பிடுவார்களாம். வேலைக்கு ஆள் வராத வீட்டாரை லயத்தை விட்டுக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்களாம். "அங்க அவுக அப்பா பேருக்கு அவன் குரல் குடுக்கிறான். இங்க அவன் பேருக்கு நான் குடுக்கிறேன். ரெண்டுல எது சார் தப்பு?"

கடைத்தெருவில்

இரண்டும் தப்புதான் என்று ஆப்சென்ட் போட்டேன். நாள் குறைந்துபோய் மொக்கராசைப் பரீட்சைக்கு விடவில்லை. அதோடு அவனும் காலேஜை விட்டு நின்றுவிட்டான்.

மறுவருஷம் கடைத்தெருவில் ஏலக்காய் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒருவன் முன்னால் போனான். நடையை வைத்தே கண்டுபிடித்து "மொக்கராசு" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் நின்றான். அப்பா பனியிலேயே போய்விட்டாராம். புதுப் பேருக்கு லயத்தில் வீடு கிடையாது என்பதால் அப்பா பேரையே ஓட்டிக்கொண்டிருக்கிறானாம். கங்காணிக்கும் தெரியுமாம், வேலை நடந்தால் சரி என்று கண்டுகொள்வதில்லையாம்.

திரும்பப் படிக்க வாயேன் என்றேன். மூட்டையைச் சரிபண்ணிக்கொண்டு சிரித்தான். "இப்ப நான் எங்கப்பா சார். மொக்கராசுக்கு ஆப்சென்ட்டே போட்டுக்கிருங்க."

செத்துப்போன அப்பன் தினமும் பிரசன்ட், உயிரோடிருக்கிற மகன் ஆப்சென்ட். நான் பெயர் கூப்பிட்ட லட்சணம் இவ்வளவுதான்.