உறுதிமொழிக்கு இடைஞ்சலாக இருந்த பொதுமக்கள்

இன்று அரசியலமைப்பு நாள். அது தெரியாமல் மனுவோடு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போய்விட்டேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். இன்னும் மூன்று தடவையாவது நான் அங்கே போக வேண்டியிருக்கும்.

கூடத்தில் இருபது பேர் காத்திருந்தோம். அலுவலக உதவியாளர் வந்து கையை வீசி விரட்டினார்.

"எல்லாரும் வெளிய போங்க. சாரெல்லாம் உறுதிமொழி எடுக்கப் போறாக. இடைஞ்சலா நிக்காதீக."

மழைக்காலம் என்று பெயர், வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒரே குரலில் வாசித்தார்கள்:

"இந்திய மக்களாகிய நாம்..."

நீதி, சமத்துவம் எல்லாம் ஜன்னல் வழியாக எங்களுக்கும் வந்தது. மின்விசிறிக் காற்று மட்டும் வரவில்லை.

முடிந்ததும் அதே உதவியாளர் கதவைத் திறந்தார்.

"ஒரு நாலு பேரு மட்டும் உள்ள வாங்க. போட்டோவுல பொதுமக்களும் தெரியணுமாம்."

எனக்கு முன்னால் எம்.ரெட்டியபட்டி அக்கா ஒருவர். அவருடைய பருத்திக் காட்டுக்குப் போகும் பாதையை யாரோ வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். அதற்காக இது ஐந்தாவது நடை.

"மனுவக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கலாமா சார்?"

"அதப் பைக்குள்ள வைம்மா. போட்டோவுல தெரியக் கூடாது."

"அப்ப நான் இங்ஙனயே நிக்கேன்."

படம் இப்போது வாட்ஸப் குழுக்களில் சுற்றுகிறது. கடைசி வரிசையில், மனுவை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டும் பொதுமக்கள் நான்தான். மின்விசிறிக்காகப் போனேன்.

அவர்களைத் திட்டி முடித்ததும் என்னையும் கீழே கமெண்டில் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போங்கள்.