கிளிஞ்சல் மேட்டில் ஒரு படையல்

இது நடந்தது. எனக்கும் என் மனைவி ஷ்யாமளாவுக்கும், போன வருஷம் மகாளய அமாவாசை அன்று. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே வேறு பக்கம் போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். ஒரு தப்பு இரண்டாம் முறையும் வந்தால்தான் அதைத் தப்பு என்றே ஒப்புக்கொள்வேன். ராத்திரியில்தான் பேய் வரும் என்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது நடந்தது பட்டப்பகலில்.

எங்களுக்கு அமெரிக்காவில், சன்னிவேலில் அபார்ட்மெண்ட். ஷ்யாமளா வீட்டுக்கு ஒரே பெண். அவள் அப்பா சேலத்தில் இறந்தபோது விசா சிக்கலில் அவளால் போக முடியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் பால்கனியில் சோறு வைக்கிறாள். ஒரு காக்காய்கூட வந்து தொட்டதில்லை. "அப்பாவுக்கு என் மேல கோவம்" என்பாள். அப்படியே சாப்பிடாமல் படுத்துவிடுவாள். எனக்கு அதைப் பார்க்கவே தாங்காது. போதாக்குறைக்கு, பால்கனியில் சாப்பாடு வைக்கக் கூடாது என்று அபார்ட்மெண்ட் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வேறு.

அன்றைக்கென்று பார்த்து நான் ஒரு டூர் புக் பண்ணித் தொலைத்திருந்தேன். வளைகுடாவை ஒட்டிய பூங்கா ஒன்றில் ஒலோனி என்ற பூர்வகுடி மக்களின் பழைய புதைமேடு இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. எப்போதும் வேலி போட்டுப் பூட்டியிருக்கும், எப்போதாவதுதான் திறப்பார்கள்.

"அமாவாசையும் அதுவுமா, புதைச்ச இடத்துக்கா கூட்டிட்டுப் போறீங்க?" என்று ஷ்யாமளா கத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "அங்க காக்கா இருக்குமா?"

சோறு, பருப்பு, வடை, வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் டிபன் பாக்ஸில் ஏறின. பொரியலில் கறிவேப்பிலையை அள்ளிப் போட்டாள். அவள் அப்பா அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்குவாராம். அது இல்லாமல் அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காதாம்.

மேடு பெரிதாக ஒன்றும் இல்லை. காய்ந்த புல், அதன் நடுவே சுண்ணாம்பைக் கொட்டிய மாதிரி வெள்ளைத் தரை. எல்லாம் கிளிஞ்சல் துண்டுகள். கால் வைத்த இடமெல்லாம் நொறுக்... நொறுக்... என்றது. கைடு ஒரு வயதான அம்மாள். இங்கேதான் புதைத்தார்கள், இங்கேயே கூடி உட்கார்ந்து விருந்தும் சாப்பிட்டார்கள், அவர்களுடைய வம்சத்தார் இன்றும் வந்து போகிறார்கள் என்றாள். தயவுசெய்து எதையும் எடுக்காதீர்கள், எதையும் வைக்காதீர்கள் என்றும் சொன்னாள்.

மணி 12.40. ஒரு மணிக்குள் அமாவாசை முடிந்துவிடும். கூட்டம் முன்னால் நகர்ந்தது. ஷ்யாமளா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ரெண்டே நிமிஷம். திரும்ப எடுத்துடறேன்."

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள். எப்படி வேண்டாம் என்பது? மேட்டுக்குப் பின்பக்கம் போனோம். பேப்பர் தட்டில் எல்லாவற்றையும் வைத்துத் தள்ளி நின்றாள்.

"அப்பா... சாப்பிட வாங்கப்பா..."

வேலிக் கம்பத்தில் ஒரு காக்காய் வந்து உட்கார்ந்தது. ஷ்யாமளாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காக்காய் தட்டைப் பார்த்தது. பிறகு தட்டுக்குப் பக்கத்தில் பார்த்தது. இறங்கவே இல்லை. பறந்துவிட்டது.

நொறுக்...

எங்களுக்குப் பின்னால். திரும்பினேன். யாரும் இல்லை. கூட்டம் தூரத்தில் இருந்தது.

நொறுக்... நொறுக்... நொறுக்...

நாங்கள் இரண்டு பேரும் அசையவே இல்லை. காற்றும் இல்லை.

தட்டுக்குப் பக்கத்தில் புல் அமுங்கியது. அதற்கு அடுத்து இன்னொரு இடத்தில். அதற்கும் அடுத்து... வரிசையாக.

சத்தம் நின்றது.

சோற்றைப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் பள்ளம். நான்கு விரலால் அள்ளிய பள்ளங்கள். வடையைக் காணவில்லை.

"வந்துட்டாரு..." ஷ்யாமளா அழுதுகொண்டே சிரித்தாள்.

பொய் சொல்வானேன், பயந்துவிட்டேன். அது ஒரு ஆள் அள்ளியது இல்லை.

தட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். 880 நெடுஞ்சாலையில் நல்ல டிராஃபிக். ஷ்யாமளா மிச்சச் சோற்றைக் காரிலேயே சாப்பிட்டாள். அமாவாசை அன்று அவள் நிம்மதியாகச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான். வீட்டுக்கு வந்து ஹாலில் நடந்தோம். கார்ப்பெட்.

நொறுக்...

"ஷூல ஒட்டிட்டு வந்திருக்கும்" என்றாள்.

ஷூக்கள் கதவுக்கு வெளியே கிடந்தன.

சாயங்காலம் 7.10-க்கு சேலத்திலிருந்து அத்தை, ஷ்யாமளாவின் அம்மா, போன் செய்தார். அங்கே மறுநாள் காலை. நாங்கள் மேட்டுக்குப் போனது அவருக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. ஷ்யாமளா ஸ்பீக்கரில் போட்டாள்.

"விடியக்காலைல அப்பா கனவுல வந்தாரும்மா. முகமே வாடிப்போயிருந்துச்சு. 'ஷ்யாமு கூப்பிட்டாளேன்னு ஆசையா போனேன். ஒரே கூட்டம். பந்தியில எனக்கு இடமே கெடைக்கல'ன்னாரு. ஏம்மா... வீட்ல ஏதாச்சும் விசேஷமா?"

ஒன்றும் இல்லை என்று சொல்லி ஷ்யாமளா போனை வைத்தாள். அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டும் அப்பா பசியோடு திரும்பிவிட்டார் என்று அன்று இரவெல்லாம் அழுதாள். எனக்கோ, அந்தப் புல் வரிசையாக அமுங்கியது கண்ணை விட்டுப் போகவில்லை.

அடுத்த அமாவாசைக்குப் பெரிய குக்கரை இறக்கினாள்.

"இத்தனை பேருக்கா?" என்றேன்.

"கூப்பிட்டது நான்தானே. வந்தவங்களைப் போங்கன்னு சொல்ல முடியுமா?"

ஹாலில் பன்னிரண்டு தட்டுகளை வரிசையாகப் போட்டாள். சமையலறைப் பக்கம் இருந்த கடைசித் தட்டு அப்பாவுக்கு. அங்கே நெரிசல் இருக்காது என்றாள். படையலுக்குக் கதவைச் சாத்துவதுபோல் சாத்திவிட்டு வராந்தாவில் நின்றோம்.

உள்ளே... நொறுக்... நொறுக்...

வெகு நேரம் கேட்டது. பிறகு நின்றது. திறந்தோம்.

எல்லாத் தட்டிலும் விரல் பள்ளங்கள். கடைசித் தட்டு மட்டும் வைத்தது வைத்தபடி.

ஷ்யாமளா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கக் குனிந்தபோதுதான் ஆறாவது தட்டைப் பார்த்தேன். இரண்டாம் முறையும் வந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் தட்டின் ஓரத்தில் கறிவேப்பிலை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக அடுக்கியிருந்தது.

அவள் அப்பா தனியாகக் கடைசியில் உட்காரவில்லை. அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தார்.

"நகர்ந்து எடம் குடுத்திருக்காங்க" என்றாள் ஷ்யாமளா.