ஜேர்மனி முள்ளுக்கரண்டியும் பல்லுக்கொழுக்கட்டையும்

அறுபதுகளின் தொடக்கத்தில் முல்லைத்தீவுச் சந்தையடியில் எங்களுக்கு ஒரு பாத்திரக்கடை இருந்தது. என் கணவர் அலுமினியச் சட்டி, தேங்காய்த் திருவலை, மண்வெட்டி என்று விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு அது போதவில்லை. கொழும்பு இறக்குமதிக்காரர் அனுப்பியிருந்த படப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டியே கிழித்துவிட்டேன். இங்கிலாந்துக் கத்தி, ஜப்பான் தட்டு, ஜேர்மனிக் கரண்டி! கப்பலில் வரும் சாமான் எங்கள் கடையிலும் மின்ன வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

இங்கிலீஷ் படித்தவள் நான்தான் என்பதால் ஓடரையும் நானே எழுதினேன். கரண்டி ஒரு பெட்டி, கத்தி ஒரு பெட்டி, முள்ளுக்கரண்டி ஒரு பெட்டி, எல்லாம் ஜேர்மனியில் செய்தவை. கையெழுத்து வைக்கும்போது கணவர் சொன்னார்.

"இது விக்காட்டி இனிக் கடைக்குச் சாமான் நான்தான் எடுப்பன். பேந்து நீர் கோவிக்கக் கூடாது."

"ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லில் என் தலையை நானே அடகு வைத்தேன்.

முதல் பெட்டி லொறியில் வந்து இறங்கிய காலை எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. ஆணியை நானே கழற்றினேன். எண்ணெய்க் கடதாசியை விரித்தால் ஒரே மினுக்கம், முகம் பார்க்கலாம். பெட்டி நிறைய முள்ளுக்கரண்டி. மற்ற இரண்டு பெட்டிகளுக்கும் காத்திருந்தோம். கரண்டியும் கத்தியும் வரவேயில்லை. வெளிநாட்டுச் சாமான்களுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டுவிட்டது, இனி வராது என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது.

கரண்டி இல்லாமல் முள்ளுக்கரண்டியை மட்டும் யார் வாங்குவார்? கடற்கரையிலிருந்து வந்த ஒருவர் ஒன்றை எடுத்து விரலால் குத்திப் பார்த்தார்.

"இது நண்டு குத்திறதுக்கோ?"

"இல்லை, வெள்ளைக்காரர் சாப்பிடுறது."

"ஏன், அவைக்குக் கையில்லையோ?"

கணவர் சிரிப்பை அடக்க மண்வெட்டிகளை அடுக்கப் போய்விட்டார். எனக்கு எரிச்சலென்றால் எரிச்சல்.

அந்த மாதம் தர்மபுரத்தில் என் மச்சாளின் மகனுக்கு முதல் பல்லு முளைத்தது. பல்லுக்கொழுக்கட்டைக்கு வரச் சொன்னார்கள். வெறுங்கையோடு போகாமல் ஒரு கட்டு முள்ளுக்கரண்டியை எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினேன். விற்காததை அன்பளிப்பாக்குவதில் நான் கெட்டிக்காரி.

குசினியில் அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் சுற்றி இருந்து கொழுக்கட்டை பிடித்தார்கள். பயறும் சர்க்கரையும் வைத்து மாவை மடித்து, ஓரத்தைப் பல்லுப் பல்லாக விரலால் நுள்ள வேண்டும். என் கொழுக்கட்டைகள் கிழவர்களின் வாய்போல் இருந்தன. எல்லாரும் சிரித்தார்கள். ரோசத்தில் கட்டை அவிழ்த்து, ஒரு முள்ளுக்கரண்டியை எடுத்து ஓரத்தில் அழுத்தினேன்.

ஒரே அழுத்து. நான்கு பல்லு, அச்சாகப் பதிந்து நின்றது.

சிரிப்பு நின்றது. "இஞ்ச தாரும், நானும் ஒருக்கா பாப்பம்" என்று முதலில் கை நீட்டியது மச்சாள்தான். பிறகு கட்டு முழுவதும் கை மாறியது. தட்டு நிறைந்துகொண்டே வந்தது. எனக்குக் கடையில் கிடந்த பெட்டி நினைவுக்கு வந்தது. வன்னியில் பல்லு முளைக்காத பிள்ளை உண்டா? கொழுக்கட்டை அவிக்காத வீடு உண்டா?

பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தித் தலையில் கொழுக்கட்டையைக் கொட்டினோம். அவன் எதை எடுத்து எந்தத் தொழிலுக்குப் போவான் என்று பார்க்க முன்னால் ஏடு, பேனை, காப்பு, கத்தரிக்கோல் எல்லாம் பரப்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரி பகிடியாக, "உங்கட சாமானும் கிடக்கட்டும்" என்று ஒரு முள்ளுக்கரண்டியையும் வைத்தாள். பிள்ளை பேனையைத் தள்ளினான், காப்பைத் தாண்டினான், முள்ளுக்கரண்டியைப் பிடித்தான். வாங்கப் போனால் வீரிட்டு அழுதான்.

அப்போதுதான் என்னைக் கூட்டிப்போக வந்த கணவர் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தம்பி, உந்த முள்ளுக்கரண்டி என்ன விலை? கடையில இன்னும் கிடக்கோ?"

அவர் பிள்ளையின் கையைப் பார்த்தார், கொழுக்கட்டைத் தட்டைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"என்னைக் கேக்காதேங்கோ. கடைக்குச் சாமான் எடுக்கிறது அவா."

நான் முன்னுக்கு வந்து விலையைச் சொன்னேன். சொந்தக்காரர் என்றுகூடப் பார்க்காமல் ஒரு சதமும் குறைக்கவில்லை.