அது அருள் இல்லை, நடுக்கம்

கோயிலுக்கு வந்திருக்கும் தாய்மாரே, அண்ணன் தம்பிமாரே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் நோய் தீரவில்லை. இதோ, இந்த வலது கை இப்போதும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் அம்மன் என் வேண்டுதலைக் கேட்டாள். அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

கரோல் புயல் நம் தீவில் கூரைகளைப் பிய்த்துப் போட்ட மறுவருஷம் அது. முதலில் கட்டைவிரல் ஆடியது, பிறகு கை முழுவதும். நரம்பு நோய், குணமாகாது, மெல்ல மெல்லக் கூடும் என்றார் டாக்டர். அவர் கொடுத்த மாத்திரையில் வாய் வறண்டதுதான் மிச்சம்.

நடுக்கத்தைவிடப் பயம்தான் என்னைத் தின்றது. வக்குவா சந்தைக்குக் கிளம்பினால் வாசலிலேயே நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், மூச்சு முட்டும். திரும்பிவிடுவேன். நாளைக்குச் சோறு பிசையக் கை வருமா? என்னை யார் குளிப்பாட்டுவார்கள்? வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால், "எல்லாம் சாமி பாத்துக்கும்" என்று எழுந்து போய்விடுவார்.

அந்த வருஷத் தீமிதியன்று, மேளச் சத்தத்திலும் கூட்ட நெரிசலிலும் பயந்து என் உடம்பே உதறியது. பக்கத்தில் நின்ற பெண்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? அம்மன் இறங்கிவிட்டாள் என்று! நெற்றியில் விபூதி பூசினார்கள், கையில் வேப்பிலையைத் திணித்தார்கள், காலில் விழுந்தார்கள். "அம்மா, நல்ல வாக்கு சொல்லுங்க!" பயத்தில் செத்துக்கொண்டிருப்பவளிடம் வாக்குக் கேட்டார்கள். அழுதேன். அதையும் அருள் என்றார்கள்.

பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் கூட்டம். தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம். வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. இது நோய் என்று சொல்லிப் பார்த்தேன். "சாமி தன்னை அப்படித்தான் மறைச்சுக்கும்" என்றார்கள்.

"தாயே, கையை நிறுத்து" என்று மாதக்கணக்கில் விழுந்து கும்பிட்டேன். நிற்கவில்லை. ஒருநாள் கோபம் வந்துவிட்டது. "கை போகட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது என்றால் நம்புவதற்கு ஓர் ஆளையாவது அனுப்பு" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, காத்ர் போர்ன் சந்தையில் கீரை விற்கும் பாக்கியம் வந்தாள். கப்பல் வேலைக்குப் போன மகனிடமிருந்து செய்தியே இல்லையாம். "அம்மா, என் புள்ள உசுரோட இருக்கானா?" என்றாள். அந்தக் கேள்விக்கு நான் எப்படி வாக்குச் சொல்வேன்?

"எனக்குத் தெரியாது, பாக்கியம். இது சாமி இல்ல, நோவு. எனக்குப் பயமா இருக்கு" என்று கதறிவிட்டேன்.

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மோ ஓசி மோ பெர், அக்கா" என்று தீவுப் பேச்சில் சொன்னாள். "எனக்கும் பயந்தான்." என் பயங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். ஒன்றைக்கூட, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று தள்ளவில்லை. மூச்சு முட்டியபோது, "தாயேன்னு மூச்சை மெதுவா விடுங்க, நானும் கூட விடறேன்" என்றாள். விட்டோம். நெஞ்சு அடங்கியது.

இன்றுவரை அவள் வருகிறாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சந்தை வரை போகிறேன். நோய் கூடிக்கொண்டே போகிறது. சில நாள் அவள்தான் சோறு ஊட்டுகிறாள். அவள் மகனைப் பற்றி இன்னும் செய்தி இல்லை. அவளுக்குப் பயம் வரும்போது இந்தக் கையைத்தான் பிடித்துக்கொள்கிறாள்.

பயந்து கிடப்பவர்களே, அம்மனிடம் ஓர் ஆளைக் கேளுங்கள், அனுப்புவாள். மற்றவர்களே, இங்கே யாராவது நடுங்கினால், வாக்குக் கேட்கும் முன், "பயமா இருக்கா?" என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். தேங்காய் வேண்டாம்.