ஆண்ட்ரோமெடா மேல் விழுந்த புள்ளிகள்

செவ்வாய்க்கிழமை மதியம் நம் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி வந்தது: "சுகுமார் போய்ட்டாரு." எங்கே போய்ட்டாரு என்று பதில் போட்டவன் நான்தான். மாரடைப்பு என்று பிறகுதான் சொன்னார்கள். வயது நாற்பத்தொன்று.

நம் ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவர் தோல் தரம் பிரிப்பவர். நான் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். கேன்டீனில் பேசிப் பேசியே இரண்டு பேரும் சேர்ந்து ஒரு டெலஸ்கோப், வானம் சுழலும் வேகத்துக்குத் தானே திரும்பும் மவுண்ட் என்கிற தாங்கி, ஒரு கேமரா எல்லாம் வாங்கிவிட்டோம். ஆலங்காயத்தில் அவர் வீட்டுப் பின்பக்கம் நல்ல இருட்டு. அங்கேதான் வைத்தோம்.

மவுண்ட்டைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக்க வேண்டும். நம் ஊரில் அது ரொம்பத் தாழ்வு. தென்னை மட்டைக்குள் ஒளிந்துகொண்டது. "மட்டைய வெட்டிர்லாமா?" என்று கேட்டார். "மரத்த தொட்டா அந்தக் கொழாய ஒடைச்சிருவேன்," என்று உள்ளேயிருந்து அவர் மனைவி, அண்ணி, குரல் கொடுத்தார். நான் மேனுவலைப் படிக்காமல் ஸ்குரூக்களை முறுக்கிக்கொண்டிருந்தேன். "பேஜார் பண்ணாத இன்ஜினியரு. தோலோ நட்சத்திரமோ, மொதல்ல சும்மா பாரு," என்றார்.

டிசம்பரில் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி கிடைத்தது. ஒற்றைப் படத்தில் மங்கலான தீற்றல்தான். "இன்னா இது, வாழைப்பழத்த தேச்ச மாதிரி?" என்றார். நாற்பது படங்களை ஒன்றாகச் சேர்த்ததும் சுருள் கைகள் தெரிந்தன. அவற்றின் மேலேயே ஏழு கறுப்புப் புள்ளிகளும் தெரிந்தன. தோல் எண்ணெய்க் கையோடு கண்ணாடியைத் தொட்டீர்களா என்று கத்தினேன். "தொடல," என்றார். நான் நம்பவில்லை. மறுநாள் கேன்டீனில் உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். "இன்னா சுகு, கேமராவுக்கும் பாலிஷ் போட்டியா?" என்று நீங்கள் கேட்டீர்கள். அவரும் சிரித்துக்கொண்டே டீ குடித்தார்.

தோலில் கறை தெரிந்தால் அவர் தோலை அரைச் சுற்றுத் திருப்பிப் பார்ப்பார். கறையும் கூடவே திரும்பினால் அது தோலுடையது. நின்ற இடத்திலேயே நின்றால் மேலே எரியும் விளக்குடைய நிழல். அந்தச் சனிக்கிழமை கேமராவை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி மாட்டி ஒரு படம் எடுத்தார். படத்தில் நட்சத்திரங்கள் தலைகீழாகின. புள்ளிகள் அசையவில்லை. டெலஸ்கோப் கண்ணாடியில் குற்றமில்லை. கேமராவுக்குள் படம் பதியும் சென்சார் மேல்தான் ஏதோ படிந்திருக்கிறது.

"ஏன் தம்பி, கம்பெனி கம்ப்ரசர் காத்து அடிச்சியா?"

ஷூ, மெஷின், ஷிப்ட் முடிந்தால் சட்டை என்று எல்லாவற்றுக்கும் ஏர் கன்னில் காற்று அடிப்பது நம் வழக்கம். அந்தக் காற்றோடு எண்ணெயும் தண்ணீரும் துளித்துளியாக வரும். அந்தக் கம்ப்ரசரைப் பராமரிக்கும் எனக்கு அது தெரியாதா? ஒரு தூசிக்காகப் பொறுமையில்லாமல் கேமராவை கம்பெனிக்குக் கொண்டுபோய் அடித்திருந்தேன்.

"இல்லண்ணே," என்றேன்.

கேமராவைக் கழற்றிச் சென்சாரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "சரி. தூசாத்தான் இருக்கும்," என்றார். இரண்டு பேரும் துடைத்தோம். அடுத்த படம் சுத்தமாக வந்தது. "நம்ம இன்ஜினியர் எடுத்தது," என்று எழுதி அவரே குழுவில் போட்டார்.

காற்று அடித்தது நான்தான். அவரைப் பார்த்துச் சிரித்த உங்கள் எல்லோரிடமும், அவர் உயிரோடு இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சாமான்களை எடுத்துட்டுப் போப்பா என்கிறார் அண்ணி. இன்னும் எடுக்கவில்லை. ஒரு பார்வையில் பழுது கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு என் பொய் தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் ஒரு தடவைதான் கேட்டார். இரண்டாம் தடவை கேட்கவே இல்லை. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அதுதான்.