பெரியம்மா மடியில் தம்பி

தம்பியின் ஈரத்துணியில் எறும்பு மொய்த்த அன்று அடி வாங்கியது நான்தான். அருப்புக்கோட்டையில் அப்பாவுக்கு மளிகைக்கடை. கடை வெல்லத்தை எடுத்துத் தின்பதில் எனக்கு ஏற்கெனவே நல்ல பெயர் இருந்ததால் அம்மா விசாரணை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

“ஏண்டி, வெல்லத்தத் தின்னுபுட்டு பிள்ள துணியிலயா கையத் தொடச்ச?”

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பி கைக்குழந்தை. பிறந்த சில வாரங்களிலேயே அவனுக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. உடம்பெல்லாம் சிவந்து தோல் செதில் செதிலாக உரிந்தது. லாரித் தண்ணீரை நம்பியிருந்த எங்கள் தெருவில், பிடித்து வைத்த தண்ணீரில் பாதி அவன் துணி அலசவே போயிற்று. உள்ளூர் டாக்டர்கள் பாலை மாற்றினார்கள், மருந்தை மாற்றினார்கள். அவன் அழுகை மட்டும் மாறவில்லை.

அவனைப் பார்க்கத் திருச்சுழியிலிருந்து பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, ஒருமுறை வந்தாள். அவளுக்குப் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் ஒரு வயது நிறையும் முன்பே இறந்துபோயின. பெற்றதைத் தின்றவள் என்று ஊர் அவளுக்குப் பெயர் வைத்திருந்தது. அவள் தொட்டிலை நோக்கிக் கை நீட்டியபோது அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

“இப்பத்தான் தூங்குனான்க்கா. தொட்டா முழிச்சுக்கிருவான்.”

தம்பி கண்ணை அகல விழித்தபடி கிடந்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். பெரியம்மா காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

அடி வாங்கிய மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதும் துணியில் எறும்பு வந்தது. அப்பா அதைப் பார்த்தார். தாத்தாவுக்குச் சீனி வியாதி இருந்ததால், மூத்திரத்தில் எறும்பு மொய்த்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். “கைப்பிள்ளைக்கா? கைப்பிள்ளைக்கா சீனி வரும்?” என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். என்னையும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு மதுரைக்குக் கார் பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் தம்பியின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்த நர்ஸ், கருவி காட்டிய சீனி அளவை நம்பாமல் வேறு கருவி எடுத்துவர ஓடினாள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியே எங்களுக்கு வீடாயிற்று. வெளியூருக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவு வந்த அன்று, டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து அம்மாவிடம் கேட்டார்.

“உங்க கூடப் பிறந்த ஆம்பளைப் பிள்ளைங்க சின்னதுலயே தவறியிருக்காங்களா?”

திருடிப் பிடிபட்டவள்போல அம்மா விழித்தாள். “எனக்கு முந்தி ரெண்டு பேரு. பேரு வைக்கிறதுக்குள்ளயே…”

“அக்கா தங்கச்சி பிள்ளைங்க?”

அப்பாதான் சொன்னார். “அவுக அக்காவுக்கும் ரெண்டு பசங்க. ரெண்டும் தங்கலைங்க.”

டாக்டரம்மா மெதுவாக விளக்கினார். நோயோடு சண்டை போடுகிற அணுக்கள் எல்லோர் ரத்தத்திலும் உண்டு. அவை எல்லை மீறாமல் அடக்கி வைக்கிற அணுக்களும் உண்டு. தம்பிக்கு அந்த அடக்குகிற அணுக்கள் பிறவியிலேயே வேலை செய்யவில்லை. அதனால் அவன் ரத்தமே அவன் குடலையும் தோலையும் தாக்குகிறது. சீனியைக் கட்டுப்படுத்தும் சுரப்பியை ஏற்கெனவே அழித்துவிட்டது.

“இது அம்மா வழியில வர்றது. பொம்பளைங்களை ஒண்ணும் பண்ணாது. அவங்க பெறுற ஆம்பளைப் பிள்ளைக்கு வரலாம். இதுல யார் மேலயும் தப்பில்லை.”

அம்மா எழுந்து வராந்தாவுக்குப் போய் போன் போட்டாள். “அக்கா, நீ வா. ஒண்ணும் கேக்காத. வா.”

பெரியம்மா வந்ததும் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். உன் மேல் பழியில்லை என்று சொன்னால் அக்காவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பாள். ஆனால் பெரியம்மாவின் முகம் கல்லாகிப் போனது.

“அப்ப எங்கிட்டருந்துதான் எம் பிள்ளைகளுக்குப் போச்சா?” என்றாள். “ஊர்க்காரவுக அம்புட்டுப் பேரும் சொன்னப்பக்கூட நான் நம்பலையேடி. நெசந்தானா?”

அம்மா தம்பியைத் தூக்கிவந்து பெரியம்மா மடியில் வைத்தாள். பெரியம்மா அவனைத் தொடாமல் இரண்டு கைகளையும் விரித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவன் வீறிட்ட பிறகுதான் அள்ளி அணைத்துக்கொண்டாள்.

வேறொருவர் எலும்பு மஜ்ஜையை ஏற்றினால் பிழைக்கலாம் என்றார்கள். என்னுடையது பொருந்தவில்லை. வெளியாள் ஒருவர் கிடைப்பதற்குள் ஒரு காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

ஆனாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, பெரியம்மா அவனை மடியில் வைத்திருந்த அந்தச் சாயங்காலம்தான். டாக்டரம்மா அறைக்குள் வந்தார். என் தலையைத் தடவிக்கொடுத்து, “இவ பெரியவளானதும் இவளுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காளும் தங்கையும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஊசி போடப்போகிறார்கள் என்று பயந்து, நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.